காப்புச் சேவையகத்தில் வட்டுகளை வகுக்கும் முறை

கல்லூரிகளின் சேர்விடாப்புகளும் பரீட்சைப் புள்ளிகளும் கணினியில் ஏறிவரும் காலம் இது. அவை அழிந்துபோகாவண்ணம் நாள்தோறும் பிரதியெடுத்து வைக்கும் பொறியே காப்புச் சேவையகமாகும். எந்தக் கோப்பின் எந்நாட் பிரதி எவ்விடத்திலுள்ளது என்பதை அறிவிப்பது அதன் தரவுத்தளம். அதனை நூலகத்தின் நூற்பட்டியலுக்கு ஒப்பிடலாம். பட்டியல் கெடின் நூல்கள் இருந்தும் இல்லாதனவே. பட்டியல் மந்தமாயின், இழந்ததை மீட்கும் நாளில் காத்திருப்பே மிஞ்சும்.

மந்தம் எங்கிருந்து வருகின்றது? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் வாசிக்கும் தலையின்கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அஃதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல், செல்லும். தலையைத் தாங்கும் புயம் உரிய தடத்துக்கு நகர மேலும் 8 மில்லிசெக்கன் அளவு வேண்டும். ஆகவே சிதறிக் கிடக்கும் தரவை அவ்வட்டு செக்கனுக்கு ஏறக்குறைய 80 முறையே வாசிக்க வல்லது. பத்து இலட்சம் வாசிப்புகளுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். நான்கு தனி வட்டுகளிற் சமமாகப் பரப்பி ஒருங்கே வாசிப்பின், ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஒரே வட்டை நான்காகப் பிரித்து நான்கு பெயர் சூட்டினும், உள்ளே நகரும் புயம் ஒன்றே. ஒரே பாடவேளையில் ஓர் ஆசிரியரிடம் நான்கு வகுப்புகளை ஒப்படைத்தாற் போன்றது அது. எண்ணவேண்டியது பெயர்களையன்று, வட்டுகளையே.

அடுத்து, வேலையின் இயல்பறிந்து பிரித்தல் வேண்டும். தரவுத்தளம் சிறு சிறு துண்டுகளாக அங்குமிங்கும் வாசிக்கும். மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடோ தொடர்ச்சியாக எழுதப்படுவது. அதில் எழுதி முடியும்வரை எம்மாற்றமும் நிறைவேறியதாகாது. பிரதிகள் தங்கும் களஞ்சியம் பெருந்தொகையாகத் தொடர்ந்து வாசித்து எழுதும். மூன்றையும் ஒரே வட்டில் வைத்தால், புயம் ஓரிடத்தும் நிலைகொள்ளாது அலைந்து மூன்றையும் கெடுக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்னும் காப்பு மென்பொருள், 2009ஆம் ஆண்டு வெளிவந்த 6.1ஆம் பதிப்பு முதல் டிபி2 தரவுத்தளத்தின்மீது இயங்குகின்றது. அதிலும் இவற்றைத் தனித்தனி வட்டுகளில் வைப்பதும், தரவுத்தளத்தைச் சம அளவும் சம வேகமும் உடைய பல வட்டுகளிற் பரப்புவதுமே விதி.

வட்டுகளைக் கூட்டாக இணைக்கும் றெயிட் முறைகளுள் ஐந்தாவதில், ஒரு சிறு எழுத்துக்கு இரு வாசிப்பும் இரு எழுத்துமாக நான்கு வேலைகள் நேரும். ஆதலின், தரவுத்தளத்துக்கு இரட்டைப் பிரதி வைக்கும் முறையே ஏற்றது. புயமற்ற திண்மநிலை வட்டுகள் இந்நாளில் இத்தாமதத்தைப் பெரிதும் நீக்கியுள்ளன. எனினும் பிரித்துவைக்கும் தேவை நீங்கவில்லை. தரவுத்தளமும் அதன் காப்புப் பிரதியும் ஒரே வட்டில் இருப்பின், அவ்வட்டுப் பழுதாகும்போது இரண்டும் ஒருங்கே அழியும்.

யூபிலி மலர் தொகுக்கும்போதே பழைய இடாப்பொன்றின் அருமை தெரிகின்றது. அதனை வருங்கால மாணவருக்குக் காத்துவைக்க விரும்புவோர், வட்டுகளை வாங்கு முன்னரே அவற்றின் வகுப்பைத் தாளில் வரைந்து பார்ப்பாராக. வகுத்தபின், ஆண்டுக்கொருமுறையேனும் மீட்டுப் பார்ப்பாராக. மீட்டுப் பார்க்காத காப்பு காப்பாகாது.