புளியங்கொட்டை மாணவர்கள்

‘முகவர்’ என்றதும் ஆயுள் காப்பீட்டு முகவரை எண்ணிவிட வேண்டாம். கணிப்பொறி இயலில் முகவர் என்பது, தனக்கென்று சில விதிகளோடு, சூழ்நிலைக்கேற்பத் தானே முடிவெடுக்கும் ஓர் அலகு. பல முகவர்களை ஒன்றாக இயங்கவிட்டு, என்ன விளைகிறது என்று காண்பதே முகவர்வழி மாதிரியாக்கம். இதற்குக் கணிப்பொறிகூடக் கட்டாயமில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங், கட்டம் போட்ட பலகையில் நாணயங்களை நகர்த்தியே, அண்டை வீட்டாரைப் பற்றிய சிறு விருப்பம்கூட நகரை இனவாரியாகப் பிரித்துவிடும் என்று 1971-ல் காட்டினார்.

இதை இணையவழிக் கல்விக்குப் பொருத்தினால் என்ன? கல்வி மென்பொருள் அமைக்குமுன் மாணவரின் தேவைகளைத் திரட்ட வேண்டும். வழக்கமாக வினாத்தாள் கொடுத்து, “வீட்டில் கைப்பேசி உண்டா?” என்று கேட்பார்கள். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எங்கள் வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் “உண்டு” என்றே சொல்லியிருப்போம். ஆம், ஒன்று உண்டு, மூவருக்கு!

ஆகவே மூன்று புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டேன். கைப்பேசிக்கு ஒரு ரூபாய் நாணயம். அப்பா கொட்டை காலை 7 மணிக்கு நாணயத்தோடு வேலைக்குப் போய், இரவு 7-க்குத் திரும்பும். எனக்கும் தம்பிக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரப் பாடம். போட்டி வந்தால் மூத்ததற்கே முதலிடம். தம்பி கொட்டை 9 மணிக்குத் தூங்கிவிடும். அவ்வளவுதான் விதிகள்.

பதினான்கு நாள் ஓட்டினேன். எனக்குப் பாக்கியில்லை. தம்பிக்கோ தினம் அரை மணிதான் கிடைத்தது. 14 மணி நேரப் பாடம் பாக்கி. காலை 10 மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் இருவருமே வர வழியில்லை. அந்த ஆண்டு அவன் பின்தங்கியதற்குச் சோம்பலே காரணம் என்று வீட்டாரோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன்.

வினாத்தாளில் வராத தேவைகள் இங்கே வெளிப்பட்டன: ஒரே கைப்பேசியில் தனித்தனிக் கணக்கு, இணைப்பு இல்லாதபோதும் பார்க்கச் சேமிக்கும் வசதி, பத்து நிமிடத் துண்டுகளாகப் பாடம், பாக்கி குவிந்தவனுக்கு எதை முதலில் படிப்பது என்ற வழிகாட்டல்.

ஊர் முழுவதையும் ஓட்டிப் பார்க்க, யூரி விலென்ஸ்கி 1999-ல் உருவாக்கிய ‘நெட்லோகோ’ இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் விதி பிழையானால் விளைவும் பிழையே. அதனால் என் விதிகளைத் தம்பியிடம் காட்டினேன்.

“ஒம்பது மணிக்கு நான் தூங்கலக்கா. கேட்டா நீ தரமாட்டேன்னு சும்மா படுத்துக்கிட்டேன்” என்றான்.

அந்த விதியை மாற்றி, மறுபடியும் முதல் நாளிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.