சென்னையில் மறைந்திருந்த கன்னட முன்னோடி

பெங்களூரு ஜெயநகரில் உள்ள என்.எம்.கே.ஆர்.வி. மகளிர் கல்லூரியின் 'சாஸ்வதி' அமைப்பு, பெண் எழுத்தாளர்களுக்கென ஒரு விருது வைத்திருக்கிறது. விருதுக்கு நஞ்சன்கூடு திருமலாம்பாவின் பெயர். நவீன கன்னடத்தில் நாவல் எழுதி, அதைத் தானே பதிப்பித்து, பத்திரிகையும் நடத்திய முதல் தலைமுறைப் பெண். இத்தனைக்கும் வீட்டில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம். கடைசிக் காலத்தைக் கழித்ததும் சென்னையில்தான். ஆனாலும் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் அநேகமாகப் புதிது.

1887-ல் பிறந்தவர். பத்து வயதில் கல்யாணம், பதினான்கு வயதில் விதவை. அன்றைய மைசூர் சமஸ்தானத்தைப் பிளேக் சூறையாடிய காலம். கணவரையும் அது கொண்டுபோனது. அதன்பின் ஒரு பிராமண விதவைக்கு என்ன விதித்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வக்கீலான அப்பா வெங்கடகிருஷ்ண ஐயங்கார் மகளை மூலையில் உட்கார விடவில்லை. புத்தகங்களைக் கையில் கொடுத்தார். படிப்பு எழுத்தானது.

1913-ல் 'சதி ஹிதைஷிணி' என்ற நூல் வரிசையைத் திருமலாம்பா தொடங்கினார். 'பதிவிரதைகளின் நலம் நாடுபவள்' என்று அர்த்தம். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பெண்ணியவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தப் பெயரோடு போனால்தான் புத்தகம் அடுக்களை வரை போய்ச் சேரும். 'சுசீலா', 'நபா', 'மாத்ருநந்தினி' என்று வரிசையாக நாவல்கள் வந்தன. அடுத்து பெண்களுக்காக 'கர்நாடக நந்தினி', பிறகு சிறுவர்களுக்காக 'சன்மார்கதர்ஷி' என்று இரண்டு பத்திரிகைகள். எழுதுவது, பிழை திருத்துவது, சந்தா சேர்ப்பது என்று எல்லாம் அவர் தலையில். தமிழில் 1925-ல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்த வை.மு.கோதைநாயகிக்குக் கிட்டத்தட்ட பத்தாண்டு மூத்த முயற்சி இது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், 1909 முதல் 1916 வரை 'ஃபோர்ரன்னர்' என்ற மாதப் பத்திரிகையை ஒற்றை ஆளாக எழுதி நடத்திக்கொண்டிருந்தார். ஆண்களே இல்லாத நாட்டைப் பற்றிய 'ஹெர்லேண்ட்' நாவல் 1915-ல் அதில்தான் தொடராக வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கில்மன் குடும்ப அமைப்பையே மாற்றச் சொன்னார். திருமலாம்பா குடும்பத்துக்குள் நின்றபடியே பெண்ணுக்குப் படிப்பு கேட்டார். துணிச்சலில் கில்மன் ஒரு படி மேல்தான். ஆனால் பதினான்கு வயதில் விதவையான பெண் நஞ்சன்கூட்டில் இருந்துகொண்டு பத்திரிகை நடத்தியது சாதாரண காரியமா?

பெங்களூரில் திருமலாம்பாவுக்கு ஒரு தோழமைக் குரல் இருந்தது. இளம் வயதில் விதவையான ஆர்.கல்யாணம்மா 1921-ல் 'சரஸ்வதி' மாத இதழைத் தொடங்கி நாற்பதாண்டுக்கு மேல் நடத்தினார். அங்கே சாமராஜப்பேட்டையில் உள்ள 'மக்கள கூட்டா' என்ற சிறுவர் அமைப்பு அவர் உருவாக்கியதுதான்.

திருமலாம்பாவின் எழுத்து மட்டும் நடுவழியில் நின்றது. 'மாத்ருநந்தினி'யை மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் குறை சொல்லி எழுதினார். அவரும் வீட்டில் தமிழ் பேசியவர். பின்னாளில் ஞானபீடம் வாங்கிய பெரிய கை. நாவல்களில் உபதேசம் தூக்கல் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அன்று எழுதிய ஆண்கள் மட்டும் உபதேசம் செய்யவில்லையா என்ன? அவர்களுக்கு இலக்கிய வரலாற்றில் அத்தியாயம் கிடைத்தது. இவருக்கு அடிக்குறிப்புகூட இல்லாமல் போனது. அவரும் எழுத்தைவிட்டு ஒதுங்கிவிட்டார்.

1970-களில் உலகமெங்கும் பெண்கள் தங்கள் பாட்டிமார்களின் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தார்கள். கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' 1973-ல் மறுபதிப்பு கண்டது. அப்போது அவர் இறந்து 38 வருடம் ஆகியிருந்தது. என்.எம்.கே.ஆர்.வி. கல்லூரி முதல்வர் சி.என்.மங்களா திருமலாம்பாவைத் தேடியபோது அவர் சென்னையில் உயிரோடு இருந்தார், தொண்ணூறை ஒட்டிய வயதில். அரை நூற்றாண்டாக யாரும் கூப்பிடாத பெயரைச் சொல்லி ஒருவர் வந்து நின்றால் யாருக்குத்தான் சட்டென்று பேச்சு வரும்? 1982-ல் அவர் காலமானார்.

கன்னட நாவலாசிரியர்கள் அனந்தமூர்த்தியும் பைரப்பாவும் தமிழுக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. கன்னடம் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் பெங்களூரில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் யாராவது திருமலாம்பாவைக் கையில் எடுக்க வேண்டும். 'சுசீலா'விலிருந்தே தொடங்கலாம்.