மாடியில் தறிக்குழி எங்கே?

காஞ்சி நகரம் ஏன் கழனிகளை விழுங்கி வளர்கிறது? மக்கள்தொகை பெருகிற்று என்பர் ஏட்டறிவாளர். பாதிக் கதை அது!

பிள்ளையார்பாளையம் சென்று பாருங்கள். அங்கே வீடே தொழிற்கூடம். தரையில் தறிக்குழி, வாசல் தெருதான் பாவு நீட்டும் களம். அவ்வீட்டை நான்கு பிள்ளைகள் பங்கிட்டால் தறிக்கு இடமேது? ஒருவன் ஊருக்கு வெளியே மனை தேடுகிறான். இன்னொருவன் தறியை விட்டு ஒரகடம் ஆலைப் பேருந்தில் ஏறுகிறான். அந்த ஆலைகளைக் காட்டியே தரகன் விளைநிலத்தில் கல் நடுகிறான். கல் முன்னே, திட்டம் பின்னே!

சட்டம் இல்லையா? 1920இல் ஒன்று வந்தது. 1971இல் கலைஞர் ஆட்சியில் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 2021இல் காஞ்சி மாநகராட்சியும் ஆயிற்று.

வேகவதிக் கரையில் குடியிருந்தோருக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி எழுந்தது. வெள்ளத்திலிருந்து காப்பது கடமை, மறுப்பாரில்லை. ஆனால் அவர்களுள் நெசவாளி ஒருவன் இருந்தால், இரண்டாம் மாடியில் எங்கே குழி தோண்டுவான்? பாவை எங்கே நீட்டுவான், மாடிப்படியிலா?

சாலைக்குக் கோடு போடும் கை, தரைவீட்டுக்கும் பாவுத் தெருவுக்கும் கோடு போடட்டும். முழுமைத் திட்ட வரைவு வெளிவந்தால் மக்களின் ஆட்சேபணையைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நெசவாளர் சங்கம்தோறும் இதை எழுதிக் கொடுங்கள்.