நான்கு குவார்க்குகளின் கூட்டு

அணுக்கருவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும் குவார்க் என்னும் நுண்துகள்களால் ஆனவை. இக்கருத்தை 1964இல் முர்ரே கெல்மானும் ஜார்ஜ் சுவைக்கும் தனித்தனியே முன்வைத்தனர். மூன்று குவார்க்குகள் கூடினால் புரோட்டான் போன்ற பாரியான். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் கூடினால் மேசான். இரு குவார்க்குகளும் இரு எதிர்க்குவார்க்குகளுமாக நான்கு கூடவும் இயலும் எனக் கெல்மான் அன்றே குறித்தார். அத்தகைய கூட்டை 'டெட்ராகுவார்க்' என்பர்.

2003இல் ஜப்பானின் சுகுபா நகரில் பெல் ஆய்வுக் குழுவினர் எக்ஸ்(3872) என்னும் துகளைக் கண்டனர். அதன் நிறை புரோட்டானின் நிறையைப் போல் நான்கு மடங்கிற்குச் சற்று மிகுதி. சார்ம் என்னும் கனமான குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் அதனுள் உள்ளன. ஆயினும் அவ்விரண்டால் மட்டும் ஆன மேசானுக்குரிய கணக்கில் அது அடங்கவில்லை.

இவ்வையத்திற்கு விடை காண மின்னூட்டம் துணைசெய்தது. சார்மின் மின்னூட்டம் +2/3, எதிர்ச்சார்மினது -2/3, கூட்டினால் சுழி. ஆனால் 2013இல் பெய்ஜிங்கிலும் ஜப்பானிலும் ஆய்ந்தோர் அறிவித்த இசட்சி(3900), சார்ம் இணையைக் கொண்டிருந்தும் ஓரலகு மின்னூட்டம் உடையது. மேல் குவார்க்கும் (+2/3) எதிர்க் கீழ்க்குவார்க்கும் (+1/3) உடனிருந்தாலன்றோ +1 கிட்டும்? ஆகவே அதனுள் குறைந்தது நான்கு உள்ளன என்பது பெறப்படும்.

எத்தனை என்பது தெளிந்தது. எவ்வாறு கூடின என்பதே இன்றைய வழக்கு. நான்கும் ஒரே பொதியாக இறுகியுள்ளன என்பர் ஒருசாரார். இரு மேசான்கள் தளர்வாக ஒட்டி நிற்கின்றன என்பர் மற்றொரு சாரார். தொகைச்சொல் ஒருசொல்லாகவே நடப்பதையும், அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் தனித்தன்மை இழவாதிருப்பதையும் நாம் இங்கு ஒப்புநோக்கலாம்.

எக்ஸ்(3872)இன் நிறை இரு டி வகை மேசான்களின் கூட்டு நிறையோடு மிக நெருங்கி நிற்பது இரண்டாம் சாராருக்கு வலுவூட்டுகிறது. 2020இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அறியப்பட்ட எக்ஸ்(6900) நான்கும் சார்ம் வகையே கொண்டது. இலேசான குவார்க்குகள் அதில் இல்லாமையால் முதற்சாரார் அதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. நம் உடலின் எடையில் பெரும்பகுதி, குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையின் ஆற்றலால் விளைந்ததே. அவ்விசை நான்கு குவார்க்குகளை எங்ஙனம் பிணைக்கிறது என்பதை அறியாதவரை, அக்கூட்டிற்குப் பெயரிட்டதோடு நாம் அமைதி கொள்ளலாகாது.