பூந்தோட்டத்தில் முயற்சேதமும் அதைத் தடுக்கும் வழியும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் கோயில் வழிபாட்டிற்கும் பெண்டிர் சூடுதற்கும் ஆண்டு முழுவதும் பூ வேண்டியிருக்கின்றது. ஆகையால் சிறு நிலமுடைய குடியானவருக்குப் பூந்தோட்டம் அன்றாடம் கைக்குக் காசு தருவதாகும். நட்டுப் பத்து நாளான சாமந்தி நாற்றை முயல் ஓரிரவில் கடித்துவிடுமாயின், நாற்றின் விலையோடு பருவமும் தவறிப்போம்.

சேதம் செய்தது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முயலுக்கு மேல்வாயிலும் கீழ்வாயிலும் கூரிய முன்பற்கள் உண்டு. ஆதலின் அது கடித்த தண்டு கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோலக் காணும். ஆடு மாடுகளுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. அவை இழுத்துப் பறிப்பதால் தண்டின் முனை பிய்ந்து நார் நாராகத் தொங்கும்.

நம் நாட்டு முயல் வளை தோண்டி வாழ்வதன்று. பகலில் புதரடியில் பதுங்கிக் கிடந்து, அந்தி முதல் விடியும்வரை மேயும். நீர் நிற்கும் சிதம்பரத்து நன்செயில் அதற்குப் படுக்க இடமில்லை. செம்மண் மேட்டுப் புன்செய்களிலும், முந்திரித் தோப்பையும் புதர்க்காட்டையும் அடுத்த தோட்டங்களிலுமே அதிக ஜாக்கிரதை வேண்டும்.

கிளுவையும் கள்ளியும் மாட்டைத் தடுக்கும். ஆயின் அவற்றின் அடியிலுள்ள சந்து முயலுக்குப் போதும். ஆகவே உயிர்வேலியின் அடிப்புறத்தில் கம்பிவலை கட்டுவதே சிறந்த உபாயம். வலைக்கண் 1¼ அங்குலத்திற்கு மேற்படலாகாது. தரைக்கு மேல் 3 அடி உயரமும், அடியில் அரை அடி வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைத்தலும் அவசியம். வலை வாங்க இயலாதோர் நாற்றங்காலையும் இளஞ்செடிகளையுமாவது இலந்தை முள்ளால் நெருக்கமாக அடைக்கலாம்.

வேலியை நடவுக்கு முன்னரே முடித்தல் நன்று. ஆஸ்திரேலியாவில் 1859ஆம் ஆண்டு தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்கென விட்ட ஐரோப்பியக் குழிமுயல்கள் பெருகிப் பயிரை அழித்தன. அவற்றைத் தடுக்க அந்நாட்டின் மேற்கு மாகாணத்தில் 1901இல் தொடங்கிய வேலி, 1,139 மைல் நீளத்திற்கு 1907இல் முடிந்தது. அதற்குள் முயல்கள் அப்பால் சென்றுவிட்டன.

கண்ணி வைத்தலும் நஞ்சிடுதலும் கூடா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலை வேட்டையாடுதல் குற்றம். நஞ்சு நம் ஆடு மாடுகளையும் கொல்லும். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் மனிதர் உயிரையே வாங்கும்.

தனியொருவருக்கு வலையின் செலவு பாரமாகத் தோன்றலாம். சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்ற ஏறக்குறைய 835 அடி வலை வேண்டும். நால்வர் தனித்தனியே அடைத்தால் 3,340 அடியாகும். ஒன்றையொன்று ஒட்டிய அந்நான்கு ஏக்கரையும் சதுரமாகச் சேர்த்து ஒரே வேலியிட்டால் 1,670 அடியே போதும், செலவு சரிபாதி. ஆனால் ஒருவர் பக்கத்தில் சந்து விழுந்தால் நால்வர் தோட்டமும் கெடும். ஆகையால் முறைவைத்து நாள்தோறும் வேலியைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். அங்கத்தினர் அடுத்த நடவிற்கு முன் சங்கத்தில் கூடி, எவரெவர் நிலங்கள் ஒரே வேலிக்குள் அடங்கும் என்பதை நிச்சயித்துக்கொள்வாராக.