ஆளுக்குப் பத்து பொம்மை!

சோளக்கொல்லை பொம்மைக்கு நம்மூரில் ஒரே வேலைதான். காக்கா, குருவியை விரட்டணும். ஜப்பானில் ஒரு கிராமத்தில் அதற்கு எக்கச்சக்க டியூட்டி! பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறது. தூண்டில் போடுகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக நின்று பாடம்கூட எடுக்கிறது!

ஊர் பெயர் நகோரோ. ஷிகோகு தீவின் ஈயா பள்ளத்தாக்கில் இருக்கும் மலைக் கிராமம். ஒரு காலத்தில் சுமார் 300 பேர் இருந்தார்கள். இளவட்டங்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். அங்கேயே கல்யாணம், குழந்தை குட்டி என்று செட்டிலாகிவிட்டார்கள். ஊரில் பெரிசுகள் மட்டும் மிச்சம். 2019-ல் ஜனத்தொகை 27. பொம்மைகளோ சுமார் 270!

இதை ஆரம்பித்து வைத்தவர் சுகிமி அயானோ என்ற பெண்மணி. ஒசாகாவில் வசித்தவர், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். சும்மா இருப்பானேன் என்று தோட்டத்தில் விதை போட்டார். தேறவில்லை. எல்லாம் பறவைகளின் கைங்கர்யம் என்று, அப்பா ஜாடையில் ஒரு பொம்மை செய்து நிறுத்தினார். அந்தப் பக்கம் போன அக்கம்பக்கத்தார், நிஜ ஆள் என்று நினைத்து அதனிடம் குசலம் விசாரித்தார்களாம்!

அப்புறம் அவர் கை நிற்கவில்லை. இறந்துபோனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள்... கட்டை, பழைய நியூஸ்பேப்பர், பழந்துணி இருந்தால் போதும், ஆள் ரெடி! வெயிலிலும் மழையிலும் கிடந்து சில வருஷத்தில் நைந்துவிடும். மறுபடி புதுசு செய்யணும்.

2012-ல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கடைசியாகப் படித்தது இரண்டே பேர். இன்று அவர்களுடைய பொம்மைகளும் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கு இங்கேதான் தொண்டை அடைக்கும். குழந்தைகள் இல்லை என்று பள்ளியை மூடுகிறார்கள். பள்ளி இல்லாத ஊருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் குடிவருவார்கள்?

நகோரோ மட்டும் இப்படியில்லை. ஜப்பானின் மொத்த ஜனத்தொகையே 2008-ல் சுமார் 12.8 கோடியைத் தொட்டு, அப்புறம் இறங்குமுகம்தான். நகரங்களாவது வெளியூர் ஆட்களை வைத்துத் தாக்குப்பிடிக்கும். அடி விழுவது கிராமத்துக்கு. நிலம் இருக்கும், தண்ணீர் இருக்கும். இறங்கி வேலை செய்ய ஆள்?

பொம்மைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பறவைகளை விரட்டத்தான் பொம்மைக்குத் தெரியும். போன ஜனங்களைத் திரும்பக் கூப்பிட அதனால் முடியுமா, என்ன?