புதுக் கணினியும் நினைவகத்தின் முதல் பயிற்சியும்

பாகங்களைத் தேடித் தேடி வாங்கித் தாமே கணினியை அசெம்பிள் செய்தவர்கள், பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்று, விளக்குகள் எரிந்து, திரை மட்டும் இருண்டே கிடப்பதைக் கண்டால், ஏதோ ஒரு பாகம் பழுதென்று தீர்மானித்து மறுநாளே அதைக் கடைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். அவ்விதம் சந்தேகத்துக்கு முதலில் ஆளாவது பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவகந்தான்; அந்தச் சந்தேகம் பல சமயங்களில் அநியாயமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மின்சாரம் பாய்ந்த க்ஷணத்தில் பிராசஸருக்கு, உபயோகிக்கத் தக்க நினைவகம் என்ற ஒன்று இல்லவே இல்லை. பயாஸ் நிரலின் வழிகாட்டுதலில், எந்த ஸ்லாட்டில் எவ்வகை ரேம் இருக்கிறதென்று கண்டறிந்து, அதனோடு பிசகின்றித் தகவல் பரிமாறப் பழகிக்கொண்ட பிறகே திரையில் ஓர் எழுத்தையேனும் அது காட்ட முடியும். 2020 ஜூலையில் தர நிர்ணயம் வெளியான டிடிஆர்5 ரகத்தில், 6000 வேகமுள்ள ரேம் ஒவ்வொரு தகவல் கம்பியிலும் வினாடிக்கு 600 கோடி சமிக்ஞைகளைக் கடத்துகிறது. ஒரு சமிக்ஞைக்குக் கிடைக்கும் அவகாசத்தில் மின்துடிப்பு மதர்போர்டில் கடக்கும் தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இராது. ஆகவே, கச்சேரிக்கு முன் தம்புராவைச் சுருதி கூட்டுவது போல, ஒவ்வொரு கம்பிக்கும் உரிய காலக் கணக்கைத் தனித்தனியே சோதித்து நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. மெமரி டிரெய்னிங் என்னும் இந்த வேலை, முதல் முறை பல நிமிஷங்கள் நீடிக்கலாம். ரேமின் அளவு கூடக் கூட நேரமும் கூடும். 2022இல் ஏஎம்டியின் ஏஎம்5 ரகம் சந்தைக்கு வந்தபோது இந்த இருண்ட நிமிஷங்களைக் கண்டு கலங்கியவர்கள் அநேகர். இடையில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால், அந்தப் பயிற்சி மீண்டும் ஆதியிலிருந்தே தொடங்கும். கால் மணி நேரம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதற்குப் பின்னும் மதர்போர்டில் டிராம் என்று குறித்த சிறு விளக்கு அணையாமல் நின்றால், மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, இரு முனைகளும் சமமாக இறங்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டுகளில் இரண்டு ரேம்களைச் செருகுவதானால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே பொதுவாக உரிய ஸ்தானங்கள். கம்பிகள் கடைசி ஸ்லாட்டில் போய் முடிவதால், அருகிலுள்ளதில் ரேமைச் செருகித் தூரத்திலுள்ளதைக் காலியாக விட்டால், அந்த வெற்று முனையில் சமிக்ஞை மோதித் திரும்பிக் குழப்பம் விளைவிக்கும்.

பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து, அடுத்ததை மாற்றி வைத்துப் பரீட்சிக்க வேண்டும். ஒரே ரேம் எல்லா ஸ்லாட்டுகளிலும் தவறினால் பழுது அதில்தான்; எந்த ரேமை வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டே தவறினால், ரேமைக் குறை கூற நியாயமில்லை. நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி, ஏஎம்டியில் 2003 முதலும் இன்டெலில் 2008 முதலும், பிராசஸருக்குள்ளேயே குடியேறிவிட்டது. எனவே சாக்கெட்டில் வளைந்த ஒரு மெல்லிய ஊசியோ, ஒருபக்கமாக இறுகிப்போன கூலர் திருகோ, நினைவகத்தின் ஒரு பாதையையே அடைத்துவிடக் கூடும். அனுபவசாலிகளும் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். பயாஸ் பழையதாயிருப்பதும் ஒரு காரணமாகலாம். பிராசஸரும் ரேமும் இல்லாமலேயே பென்டிரைவ் மூலம் அதைப் புதுப்பிக்கும் வசதி பல போர்டுகளில் இருக்கிறது.

ரேமின் பெட்டியில் அச்சிட்ட வேகம், பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினால் மட்டுமே கிட்டுவது. அதை இயக்கியதும் கணினி விழிக்க மறுத்தால், பயாஸ் தேர்வுகள் பதிந்திருக்கும் சிமாஸ் அமைப்பை அழித்துச் சாதாரண வேகத்துக்குத் திரும்பலாம். நான்கு ரேம்களைச் செருகுவது டிடிஆர்5 தலைமுறையில் எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம், இரண்டு ரேம்களுக்கு 5200 ஆகவும் நான்கிற்கு 3600 ஆகவும் இருப்பதால், அதே கொள்ளளவை இரண்டு பெரிய ரேம்களாக, ஒரே கிட்டாக வாங்குவதே மேல். கணினி இயங்கத் தொடங்கிய அன்றிரவே, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை விடியும்வரை ஓட்டி, ஒரு பிழையும் இல்லையென்று கண்ட பின்னரே விண்டோஸை நிறுவலாம்.